பென்டிரைவில் ஒரு பழைய கணினி

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010இல் வந்தது. இத்தகைய ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கருவிகள் இருபது ஆண்டுகள்கூட உழைக்கும். அவற்றுக்கு நிரல் ஏற்றும் பழைய மென்பொருள்கள் பலவும் விண்டோஸ் எக்ஸ்பியைத்தான் கேட்கும். எக்ஸ்பிக்கான ஆதரவையோ மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்திவிட்டது.

இங்கேதான் மெய்நிகர் கணினி, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கணினி, அழகாகக் கைகொடுக்கிறது.

எக்ஸ்பியும் மென்பொருளும் சில கோப்புகளாகப் பென்டிரைவில் அடங்கிவிடும். மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் உள்ள லேப்டாப்பில் செருகித் திறந்தால், எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்வெளித் திரை அப்படியே விரியும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் வேண்டும். வேலைக்கு முன் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைத்தால், மெய்நிகர் கணினியில் எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பி.எல்.சி.யோடு இணைக்கும் யுஎஸ்பி-சீரியல் கேபிளையும் உள்ளிருக்கும் எக்ஸ்பிக்கே நேராக ஒப்படைக்கலாம்.