ஏரிக்கரைச் சாரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார ஏரிக்கரைகளிலும் புதர் மண்டிய காலி மனைகளிலும் வாழும் சாரைப்பாம்பு, இரண்டு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியதாயினும் நஞ்சற்றது. எலிகளையும் தவளைகளையும் பகலிலேயே தேடி உண்பதால், காட்டுயிர்களை அறியத் தொடங்குவோர்க்கு எளிதில் காணக் கிடைப்பது. படமெடுத்தல், அதாவது கழுத்து விலாவெலும்புகளை விரித்துத் தோலைப் பரப்புதல், நல்லபாம்பின் இயல்பு. சாரைக்கோ மெலிந்த கழுத்தும் பெரிய கண்களும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமல், நல்லபாம்பென்று எண்ணிச் சாரையை அடித்துக் கொல்வது மிகவும் வருந்தத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறு கொல்வதைத் தடைசெய்கிறது. சாரையும் நல்லபாம்பும் பிணைவதாக ஊரார் நம்பும் அழகிய காட்சி, உண்மையில், இரண்டு ஆண் சாரைகள் உடல்களை முறுக்கி முன்பகுதியை உயர்த்தி, ஒன்றன் தலையை மற்றொன்று தரையில் அழுத்த முயலும் வலிமைப் போட்டியாகும்.