அளப்பது காதையா, கவனத்தையா?

செவித்திறன் சோதனை செய்தால் காதில் குறையில்லை என்று வருகிறது. ஆனாலும் இரைச்சலான வகுப்பில் ஆசிரியர் சொல்வது அந்தக் குழந்தைக்குப் பிடிபடுவதில்லை. கேட்ட ஒலியை மூளை பிரித்தறிவதில் குறை இருக்கலாம் என்கிறார்கள் செவியியலார். அதைக் கண்டறியப் பள்ளிக் குழந்தைகளுக்கு வைக்கும் சோதனைகள் எதை அளக்கின்றன?

அமெரிக்காவில் உருவான 'ஸ்கேன்-சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். (படமெடுக்கும் ஸ்கேனுக்கும் இதற்கும் உறவில்லை.) உயர் அதிர்வெண்களை வடிகட்டி மங்கலாக்கிய சொற்கள், பிறர் பேச்சினூடே வரும் சொற்கள், இரு காதிலும் ஒரே சமயம் ஒலிக்கும் வெவ்வேறு சொற்கள் ஆகியவற்றைக் கேட்டுக் குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சரி என்பதே மதிப்பெண். தவறியதற்குக் காரணம் செவிநரம்புப் பாதையா, சொல் தெரியாமையா, கவனம் சிதறியதா? ஒரே எண்ணில் மூன்றும் கலந்துவிடுகின்றன. 2007-இல் டாஸ், பிஷப் இருவரும் பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு இதை வைத்தபோது, சில பகுதிகளில் மதிப்பெண் அமெரிக்க அளவுகோலுக்குக் கீழே இறங்கியது. ஒலிப்பதிவில் இருந்தது அமெரிக்க உச்சரிப்பு! கடல் கடந்தால் காது கெட்டுவிடுமா என்ன?

ஆஸ்திரேலியாவில் கேமரன், டில்லன் ஆகியோர் அமைத்த 'லிசன்-எஸ்' சோதனை இதைவிட நுட்பமானது. பக்கவாட்டில் எழும் ஒலி மறு காதை அடைய ஏறத்தாழ 0.6 மில்லி செகண்டு கூடுதலாகிறது. தலை மறைப்பதால் வலுவும் குறைகிறது. இவற்றைக் கொண்டே மூளை திசையறிகிறது. ஹெட்போனில் வாக்கியங்கள் எதிரிலிருந்து வருவதுபோல் கேட்கும். குறுக்கே ஒலிக்கும் கதைகள் ஒருமுறை அதே திசையிலிருந்தும், மறுமுறை இருபுறமும் 90 பாகையிலிருந்தும் வரும். இரு நிலையிலும் பாதிச் சொற்கள் விளங்கும் ஒலி அளவை டெசிபெலில் கண்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். மொழியறிவும் கவனமும் இரண்டுக்கும் பொது. ஆகவே பெரும்பாலும் நீங்கிவிடும். திசைவேறுபாட்டால் கிடைத்த ஆதாயம் மட்டும் மிஞ்சும். வெர்னியரில் சுழிப்பிழையைக் கழிப்பீர்களே, அதே உத்திதான்.

ஆனால் கழித்தலுக்கும் ஒரு விலை உண்டு. இரு அளவீடுகளிலும் தற்செயலாக நேரும் பிழைகள் கழிவதில்லை, விடையில் சேர்கின்றன. ஆறு வயதுக் குழந்தையின் கவனம் முதல் சுற்றில் நிலைத்து, அடுத்த சுற்றில் அலைந்தால் விடை தடுமாறும். தவிர, இது அளப்பது ஒரே ஒரு திறனை.

2010-இல் வெளியான டேவிட் மூர் குழுவின் ஆய்வு இன்னும் சங்கடமானது. பிரிட்டனில் 6 முதல் 11 வயதுள்ள 1,469 குழந்தைகளைச் சோதித்தார்கள். கால வேறுபாட்டையும் அதிர்வெண் வேறுபாட்டையும் காது பிரித்தறியும் திறனை இதே கழித்தல் முறையில் கணக்கிட்டனர். பெற்றோர் கூறிய கேட்டல் தொல்லைகளுக்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு காட்டியவை குழந்தையின் கவனமும் அறிவாற்றலுமே. குழந்தையின் தொல்லை பொய்யென்று இதற்குப் பொருளல்ல. கவனக்குறைவால் தடுமாறும் பிள்ளைக்குச் செவிப்பயிற்சி கொடுத்து மாதங்களைக் கழிப்பது யாருக்கு உதவும்? மொழித்திறனையும் கவனத்தையும் தனியே சோதிக்காமல், 'ஸ்கேன்-சி' போன்ற ஒரு மதிப்பெண்ணை மட்டும் காட்டி, 'உங்கள் குழந்தைக்குக் கேட்டலில் கோளாறு' என்று எழுதித் தரும் அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.