தீராத மைப்புட்டிகள்

நவம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமையை மைப்பேனா நாள் என்று கொண்டாடும் வழக்கம் 2012-இல் தொடங்கியது. அன்றும் அதையொட்டியும் பேனா சேகரிப்பவர்கள் கூடுகிற இடங்களில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "நான் வாங்கிப் பூட்டி வைக்கிற ஆள் இல்லை சார். என்கிட்ட இருக்கிற அத்தனை பேனாவிலும் எழுதறேன். மாத்தி மாத்தி, தினமும்." யாரும் குற்றம் சாட்டாதபோதே வருகிற வாக்குமூலம் இது. அஞ்சல்தலை சேர்ப்பவர் எவரும் அவற்றைக் கடிதத்தில் ஒட்டி அனுப்புவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நாணயம் சேர்ப்பவர் அதைக் கொடுத்துத்தான் பருப்பு வாங்குகிறேன் என்று சொல்வதில்லை. பேனாக்காரருக்கு மட்டும் இந்தச் சமாதானம் தேவைப்படுகிறது. சேகரிப்பவர் என்ற பெயர் அவருக்குப் போதவில்லை. எழுதுகிறவர் என்ற பெயரும் வேண்டும். எனக்கு நெடுநாளாக உறுத்துவது சேகரிப்பு அல்ல, இந்த இரண்டாவது பெயர்.

நன்மைகளை முதலில் சொல்லிவிடலாம். பந்துமுனைப் பேனா வந்து கடைகளை நிறைத்த பிறகு திருவள்ளூர் ரங்கா பட்டறையும், சென்னை பாரிமுனையின் ஜெம் அண்ட் கோவும், ராஜமுந்திரியின் ரத்னமும் தாக்குப்பிடித்ததில் சேகரிப்பவர்களின் காசுக்குப் பெரும் பங்கு உண்டு. எபனைட் என்னும் கெட்டி ரப்பர்த் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துப் பேனாவாக்கத் தெரிந்த கைகள் இன்னும் மிஞ்சியிருப்பது இவர்களால்தான். பழைய பார்க்கரைப் பிரித்துச் சீராக்கும் கலையும் இவர்களிடமே தங்கியிருக்கிறது. எழுதித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கொஞ்சம் குறைகிறது. இவர்களில் உண்மையாகவே நாட்குறிப்பும் கடிதமும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படிப்பட்டவர்களின் சட்டைப்பையில் புழங்குவது இரண்டு, மூன்று பேனாக்கள்தாம். மற்றவை அவர்கள் வீட்டிலும் பெட்டியில்தான் இருக்கின்றன.

சரி, கணக்குக்கு வருவோம். இன்றைய பேனாக்களில் மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கன்வெர்ட்டர் குழாய் முக்கால் மில்லி அளவில் கொள்ளும். சிலவற்றில் ஒரு மில்லி. நிப்பின் பருமன், தாளின் தன்மை, கையெழுத்தின் அளவு எல்லாவற்றையும் பொறுத்து மாறினாலும், நடுத்தர நிப்பில் ஒரு மில்லி மை ஏழெட்டுப் பக்கத்துக்காவது காணும். அப்படியானால் 50 மில்லிப் புட்டி ஒன்றில் 350 பக்கம் எழுதலாம். சேகரிப்பவர் வீட்டில் ஒரு புட்டியா இருக்கிறது? நாற்பது இருந்தாலே அடக்கமான அலமாரி என்பார்கள். நாற்பது புட்டியில் 14,000 பக்கத்துக்கான மை இருக்கிறது. தினம் இரண்டு பக்கம், ஒரு நாள் விடாமல் எழுதினால் தீர்க்க 19 ஆண்டு ஆகும். அதுவரை புதிதாக ஒரு புட்டி வாங்கக் கூடாது. வாங்காமல் இருப்பவர் யார்? ஆண்டுக்கு ஆண்டு அலமாரி நிறைகிறதே தவிரக் குறைவதைக் காணோம்.

பேனாவில் ஏற்றிய மை என்ன ஆகிறது என்று கேளுங்கள். பத்துப் பேனாவில் பத்து நிறம் ஏற்றப்படும். ஒவ்வொன்றிலும் அரைப்பக்கம், ஒரு பக்கம். அதற்குள் புதிய நிறம் ஒன்று தபாலில் வந்துவிடும். பேனாவைக் கழற்றி, நிப்பையும் கழுத்தையும் தண்ணீரில் போட்டு, ரப்பர் பல்பால் பீய்ச்சி அலசுவார்கள். கழுவாமல் விட்டதோ மூடிக்குள்ளேயே ஆவியாகிக் கெட்டித்து, நிப்புக்கு அடியிலிருக்கும் மையூட்டும் கட்டையின் கோடுகளை அடைத்துக்கொள்ளும். ஆக, வாங்கிய மையில் கணிசமான பங்கு போய்ச் சேரும் இடம் கழுவுதொட்டி. பேனாவைச் சுழற்சியில் வைத்திருக்கிறேன் என்று இவர்கள் சொல்வதன் பொருள், அடுத்து எதைக் கழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான்.

எழுதிய அந்த அரைப்பக்கத்தில்தான் என்ன இருக்கிறது? மேலே பேனாவின் பெயர். அடுத்த வரியில் நிப்பின் அளவு, மையின் பெயர், தேதி. பிறகு முதல் குறள். ஆங்கிலத்தில் பழகியவரானால் இருபத்தாறு எழுத்தும் வருகிற அந்த நரி வாக்கியம். கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், எட்டு எட்டாகச் சுழிகள். படம் எடுத்ததும் வேலை முடிந்தது. பேனா தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது. ஒருவர் சொல்ல நினைத்த விஷயம் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. வீட்டுக் கணக்கோ, அத்தைக்கு ஒரு வரியோ, பாதியில் நின்ற கதையோ எதுவுமே இல்லை. குழாய் ரிப்பேர்க்காரர் மாட்டி முடித்ததும் ஒரு முறை திறந்து பார்ப்பார். அதை யாரும் குளியல் என்று சொல்லமாட்டார்கள். சோதனை எழுத்தும் எழுத்தல்ல. ஆனால் 'தினமும் எழுதுகிறேன்' என்ற கூற்று முழுக்க முழுக்க இந்தச் சோதனைப் பக்கங்களின் மேல்தான் நிற்கிறது.

தாளையும் கவனியுங்கள். நம் ஊர் அலுவலகத்தில், வங்கியில், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 70, 75 ஜிஎஸ்எம் தாளில் மை இழை இழையாகப் பரவும், பின்பக்கம் ஊறும். கார்பன் வைத்து மூன்று படி எடுக்க வேண்டிய படிவத்தில் மைப்பேனா அழுத்தவே முடியாது. தினமும் எழுதுகிறவன் இந்தத் தாள்களோடு மல்லுக்கு நின்றாக வேண்டும்: மெல்லிய நிப்பு வேண்டும், சீக்கிரம் உலரும் மை வேண்டும், தொலைந்தாலும் பரவாயில்லாத பேனா வேண்டும். சேகரிப்பவர் இந்தச் சண்டைக்கே வருவதில்லை. ஜப்பானிலிருந்து டோமோயே ரிவர் தாள் வரவழைக்கிறார். எடை 52 ஜிஎஸ்எம்தான். ஆனால் மை மேலேயே நின்று காய்வதால், நீலத்தின் விளிம்பில் செம்பு மின்னும். மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கத்தான் அந்தத் தாள். உலர நெடுநேரம் ஆகும் என்பதால் வேகமாக எழுதிப் பக்கம் திருப்புகிறவனுக்கு அது உபத்திரவம். திருப்ப வேண்டிய அவசியம் இல்லாதவருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

இதையெல்லாம் விட்டுவிட்டு, சந்தையைக் கேட்டாலே போதும். எழுதத்தான் வாங்குகிறார்கள் என்றால், நன்றாக எழுதிப் பழகிய பேனாவுக்கு விலை ஏற வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. 'மை தொடாதது' என்ற இரண்டு சொற்கள் பழைய பேனாவின் விலையை ஏற்றுகின்றன. 1941-இல் வந்த பார்க்கர் 51, அன்றாட எழுத்துக்கென்றே செய்யப்பட்ட பேனா. நிப்பு காயாமலிருக்க அதை மூக்குக்குள் ஒளித்து வைத்தார்கள். போருக்குப் பின் உலகமெங்கும் குமாஸ்தாக்களும் டாக்டர்களும் வக்கீல்களும் அதில் எழுதித் தள்ளினார்கள். அந்தப் பேனாக்கள் கடைக்கு வரும்போது உடம்பில் நிப்பின் அளவைக் காட்டும் சாக்கட்டிக் குறி இருக்கும். ஒரு நாள் கையில் பிடித்து எழுதினால் போய்விடும் குறி. இன்றைக்கு அந்தச் சாக்கட்டிக் குறி அழியாத பேனாவுக்குத் தனி மதிப்பு. எண்பது ஆண்டாக ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதற்கான அத்தாட்சிக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிட்டு, எழுதத்தான் வாங்கினேன் என்றால் எப்படி நம்புவது?

இந்தப் பொய் அவரவர் வீட்டு அலமாரியோடு நின்றால் எனக்கென்ன? பேனா செய்கிறவர்கள் இந்த வாடிக்கையாளருக்கு ஏற்றபடிதான் இப்போது வேலை செய்கிறார்கள்; என் உண்மையான புகார் அங்கேதான். எழுதுகிறவனுக்குப் பேனா என்பது நிப்பும் அதற்கு மை ஊட்டும் கட்டையும்தான். உடம்பு வெறும் பிடி. சேகரிப்பவருக்கு உடம்புதான் பேனா. உலகெங்கும் சிறு பட்டறைகள் ஆயிரம் நிறத்தில், சுழிப்பில், பளபளப்பில் உடம்பு கடைகின்றன. கழுத்தில் திருகுவது ஜெர்மனியின் ஜோவோ அல்லது பாக் செய்த அதே நிப்பு. லேமி நிறுவனத்தின் சஃபாரி 1980-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது. இன்று ஏறக்குறைய ஆண்டுதோறும் அதற்குப் புதிய நிறம் வருகிறது. உள்ளே இருக்கும் நிப்பு மாறவில்லை, மை கொள்ளும் அளவு மாறவில்லை. ஒரே பேனாவைப் பன்னிரண்டு நிறத்தில் வாங்கியவர், தம்மிடம் பன்னிரண்டு பேனா இருப்பதாகச் சொல்கிறார்.

ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் 2011-இல் தன் 3776 செஞ்சுரி பேனாவின் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடியைப் பொருத்தியது. (3776 என்பது ஃபூஜி மலையின் உயரம், மீட்டரில்.) இரண்டு ஆண்டு தொடாமல் வைத்தாலும் மை காயாது என்பது நிறுவனத்தின் வாக்கு. நல்ல வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு பேனாவைத் திறக்காமல் வைத்திருப்பவர் யார்? தினமும் எழுதுகிறவருக்கு ஒரு வாரம் காயாத மூடி போதும். தம்மிடம் பேனா வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்று பேனாக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர் வாங்குபவர்தான்.

நம் நாட்டுப் பேனாவின் கதை இன்னும் வருத்தம் தருவது. ஃபில்லரால் உடம்புக்குள் நேரே மை ஊற்றும் எபனைட் பேனா இரண்டு, மூன்று மில்லி கொள்ளும். பரீட்சை முழுக்க எழுதினாலும் தீராது. வாரக்கணக்கில் புட்டியைத் தொட வேண்டாம். எழுதி எழுதிப் பழகிய சமூகம் தன் தேவைக்குக் கண்டுகொண்ட ஏற்பாடு அது. இப்போது அதே பட்டறைகளில் கன்வெர்ட்டரும், மை அடைத்து வரும் கார்ட்ரிட்ஜும் போடும் வசதி கேட்கிறார்கள். மை குறையும்போது உள்காற்று சூடாகி ஒரு சொட்டு துப்பும் என்பது ஒரு காரணம், நியாயமானதும்கூட. இன்னொரு காரணத்தை வாங்குபவர்களே மறைக்காமல் சொல்கிறார்கள்: மூன்று மில்லி ஊற்றினால் அந்த நிறம் எப்போது தீர்வது, எப்போது மாற்றுவது? நிறைய மை கொள்வது ஒரு பேனாவின் குறையாகிவிட்டது. இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

இந்தப் போக்கின் உச்சத்தை 2009-இல் பார்த்தோம். மோன்பிளாங்க் நிறுவனம் மகாத்மா காந்தி பெயரில் பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைல் கணக்குக்கு 241 பேனா, ஒன்று பதினொரு லட்சத்துக்கு மேல், நிப்பில் கோலூன்றிய காந்தி. வழக்கு வந்து, 2010-இல் இந்தியாவில் விற்பனை நிறுத்தப்பட்டது. அன்று எல்லோரும் விலையைத்தான் திட்டினார்கள். எனக்குத் தோன்றியது வேறு. ராஜமுந்திரி ரத்னத்தின் சுதேசிப் பேனாவில் எழுதிப் பார்த்து, வெளிநாட்டுப் பேனாவுக்கு அது நல்ல மாற்று என்று 1935-இல் கடிதம் எழுதியவர் காந்தி. அதற்கும் முன்பு, 1909 நவம்பரில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கில்டோனன் காசில் கப்பலில் பத்து நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலை எழுதி முடித்தார். கப்பலின் தாளிலேயே 275 பக்கம். வலக்கை ஓய்ந்தபோது இடக்கைக்கு மாறி, சுமார் 40 பக்கம் அந்தக் கையால் எழுதினார். எழுதுகிறவன் மாற்றுவது கையை, பேனாவை அல்ல. அந்த 241 பேனாவும் சேர்ந்து இதுவரை 275 பக்கம் எழுதியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

'விதவிதமான பேனா இருப்பதால்தான் எழுதவே தோன்றுகிறது' என்பது இவர்களின் கடைசி வாதம். தோன்றட்டும். ஆனால் எழுத்து நடந்த இடங்களில் சான்று வேறுமாதிரி இருக்கிறது. அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 1999-இல் வேன் மோதி எலும்புகள் நொறுங்கிக் கிடந்தார். கணினி முன் உட்கார முடியாத அந்த மாதங்களில் 'டிரீம்கேட்சர்' நாவலின் முதல் பிரதியைக் கார்ட்ரிட்ஜ் போடும் வாட்டர்மேன் மைப்பேனாவால் எழுதினார். அச்சில் 600 பக்கத்துக்கு மேல் வந்த புத்தகம். அவருக்கு எழுதத் தூண்டுதலாக இருந்தது கதை. கதை இல்லாதவருக்கு நூறு பேனாவும் அந்தக் குறையைத் தீர்க்காது. நிப்பின் நுனியில் வைக்கும் கடின உலோகப் பொட்டு ஒரு கையின் சாய்வுக்குத் தேய்ந்து இணங்க ஆண்டுகள் பிடிக்கும் என்பது பேனாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒரு நாள் வெளியே வரும் பேனாவுக்கு அந்த இணக்கம் எந்தக் காலத்திலும் வராது. ஆனாலும் இவர்கள் தங்கள் பேனாவை மற்றவரிடம் எழுதக் கொடுக்கவே மாட்டார்கள், நிப்பு பழக்கம் கெட்டுவிடுமாம். அது இன்னும் யாருக்குமே பழகவில்லை.

சேகரிப்பவர் சேகரிப்பவராகவே இருக்கட்டும். அது கௌரவமான பொழுதுபோக்கு, அதற்கு எழுத்தாளன் வேடம் வேண்டியதில்லை. மைப்பேனாவில் எழுத வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர்ப் பட்டறையில் செய்த ஒரு பேனாவும், பக்கத்துக் கடையில் கிடைக்கும் பிரில் மை ஒரு புட்டியும் வாங்குங்கள். அந்தப் புட்டி காலியாகும் வரை இன்னொன்று வாங்காதீர்கள்.