டில்மனின் மௌனம்

கடற்பிரயாண நூல்களில் புயல் வந்தால் ஆசிரியர்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். மலையலை, எமன் வாய் என்று அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எச். டபிள்யூ. டில்மன் அந்த ரகமல்ல. 1936-ல் நந்தாதேவிச் சிகரத்தில் ஏறியவர் அவர். 1954-ல், ஐம்பத்தாறு வயதில், ‘மிஸ்சீஃப்’ என்ற பழைய பாய்ப்படகை வாங்கினார். 1906-ல் கட்டியது, நீளம் 45 அடி. அதில்தான் கிரீன்லாந்துப் பனிக்கடலுக்குப் பலமுறை போய் வந்தார்.

1968-ல், ஆர்க்டிக் கடலில் உள்ள யான் மாயன் தீவருகே அந்தப் படகு பாறையில் மோதிற்று. பனிக்கட்டிகளும் அதைச் சிதைத்தன. இன்னொரு கப்பல் இழுத்துச் செல்கையில் மூழ்கிவிட்டது; ஆட்கள் தப்பினார்கள். 1971-ல் வெளிவந்த ‘இன் மிஸ்சீஃப்ஸ் வேக்’ இதைச் சொல்கிறது. நம்மை அழவைக்க டில்மன் முயலவில்லை. என்ன செய்தார்கள், எது பலிக்கவில்லை என்று வரிசையாகச் சொல்லிப் போகிறார். அவருடைய துக்கம் அந்த வரிசையிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் இந்த மௌனத்தில் ஒரு குறையும் உண்டு. கூட வந்தவர்கள் சமைக்கிறார்கள், முறைபோட்டுச் சுக்கான் பிடிக்கிறார்கள், குமட்டலில் படுத்துவிடுகிறார்கள். அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் தெரிவதில்லை. தன் பயத்தைச் சொல்லாமல் விட ஆசிரியனுக்கு உரிமை உண்டு. பிறர் பயத்தையும் சேர்த்து விட்டுவிட்டால், படகில் ஒருவர்தான் இருந்தார் என்று தோன்றிவிடுகிறது. கடலை அறிந்த அளவுக்கு டில்மன் தம் மாலுமிகளை அறிய ஆசைப்படவில்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

இருந்தாலும், புயலைப் பற்றி எழுத உட்காரும் நாவலாசிரியன் அவரை ஒருமுறை படித்துவிட்டு எழுதுவது நல்லது.