பண்புசார் தரவின் மறுபயன்பாடு: போடிமெட்டுக் களத்தை முன்வைத்து

ஒருவர் திரட்டிய நேர்காணல்களையும் களக்குறிப்புகளையும் பிறர் மீண்டும் ஆய்வுக்கு உட்படுத்துவது, செலவைக் குறைப்பதோடு ஒரே மக்களிடம் திரும்பத் திரும்ப வினவும் சுமையையும் தவிர்க்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கப்பட்ட குவாலிடேட்டா இதற்கு வழியமைத்தது. ஆயினும், சூழல் நீங்கிய சொற்களை முழுமையான தரவாகக் கொள்வது பொருந்தாது.

1970இல் ஸ்டான்ஃபோர்டில் நேர்ந்த தீயில் எம்.என்.சீனிவாஸ் இராம்புரா சிற்றூர் குறித்துப் பகுத்து வைத்திருந்த குறிப்புகள் அழிந்தன. பெரும்பாலும் நினைவைக் கொண்டே அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. களம் கண்டவருக்குச் சூழல் நினைவில் எஞ்சுகிறது. மறுபயனாளருக்கோ எழுதிவைக்கப்பட்ட சூழல் மட்டுமே துணை.

போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் பெண் தொழிலாளரிடம் கூலி பற்றி வினவும்போது இச்சிக்கல் தெளிவாகிறது. தோட்டத்தில் மேற்பார்வையாளர் முன்னிலையில் ஒருவர் கூறும் விடையும் மாலையில் தம் வீட்டில் கூறும் விடையும் ஒன்றல்ல. இடமும் உடனிருந்தோரும் பதியப்படாவிடின், மறுபயனாளர் அச்சத்தை மனநிறைவாக வாசிக்க நேரும்.

அதே வேளையில், பெயரை நீக்கினும் ஊர், தோட்டம், ஏறிச்சென்ற ஜீப் ஆகிய விவரங்களைக் கொண்டே உள்ளூரார் ஆளை அடையாளம் காண்பர். அவரது வேலையே பறிபோகலாம். அவ்விவரங்களை நீக்கினாலோ தரவு பொருளிழக்கும். எனவே சூழலை முழுமையாகப் பதிந்து, அதனைப் பார்ப்போரை வரையறுத்து, மறுபயன்பாட்டுக்கான ஒப்புதலை நேர்காணலின்போதே தனியாகப் பெறுதல் வேண்டும். முதல் ஆய்வுக்குத் தந்த ஒப்புதல் பின்வரும் ஆய்வுகள் அனைத்திற்குமான உரிமையாகாது.