கோவலனும் மிஹிரும்: பார்த்தவர்கள் கேட்டதும் படைத்தவர்கள் கொடுத்ததும்

ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் 2000 ஜூலை 3 அன்று தொடங்கி 2008 நவம்பர் 6 வரை, 1,800-க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடிய ‘க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ என்னும் இந்தித் தொடரை அறியாத தமிழ்க் குடும்பம் மும்பையில் இருக்க முடியாது. மாமியாரும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவள்தானே என்பது அத்தலைப்பின் பொருள். அதே சாந்திநிகேதன் மாளிகை, அதே துளசியாக ஸ்மிருதி இரானி, அதே மிஹிராக அமர் உபாத்யாய் என்று 2025 ஜூலை 29 அன்று அது புதிதாக மறுபடியும் தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவர்கள் இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். தொடரின் கதையை விமரிசிக்கப் பலர் உண்டு. பார்த்தவர்கள் அதனிடம் என்ன கேட்டார்கள் என்பதை நிறுத்துப் பார்த்தவர்கள் குறைவு. வியாபாரியின் தராசில் அதைத்தான் இங்கே வைக்கப் போகிறேன். துணைக்கு இளங்கோவடிகளையும் அழைத்துக்கொள்கிறேன். அவரும் செல்வ வணிகர் குடும்பத்துக் கதையைத்தானே சொன்னார்!

மும்பையிலே விரானி என்னும் குஜராத்திச் செல்வர் குடும்பம். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ். அந்த வீட்டுப் பிள்ளை மிஹிர், குடும்பப் புரோகிதரின் மகள் துளசியை மணக்கிறான். ஏழை வீட்டுப் பெண் பெரிய வீட்டுக்கு வந்து படும் பாடுதான் தொடக்கக் கதை. 2001-இல் கதாசிரியர்கள் மிஹிரைச் சாகடித்தார்கள். அதன் பிறகு நடந்தது நம் நாட்டுத் தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு பெரிய நிகழ்ச்சி. நிஜமாகவே ஒரு வீட்டில் இழவு விழுந்தது போலப் பெண்கள் அழுதார்கள். எதிர்ப்பு அலை எழுந்தது. எக்தா கபூரின் பாலாஜி டெலிஃபிலிம்ஸ் நிறுவனம் பணிந்தது. மிஹிர் சாகவில்லை, நினைவிழந்து எங்கோ இருக்கிறான், மந்திரா என்னும் மருத்துவர் அவனைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று கதையைத் திருப்பினார்கள். மாண்டவன் மீண்டான்.

படித்த ஆண்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். முகத்தை மூன்று முறை காட்டுவதற்கும், தூங்கும்போதும் பட்டுப் புடைவையும் நகையும் கழற்றாததற்கும், தலைமுறை தாண்டிப் போனாலும் ‘பா’ என்னும் பாட்டி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்கும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியவைதான். ஆனால் சிரிப்போடு நின்றுவிட்டார்கள்.

எனக்கு முதலில் உறுத்தியது வேறு. அரிசி வியாபாரத்திலே நாற்பது வருஷம் கச்சி, குஜராத்தி வியாபாரிகளோடு பழகியவன் நான். தீபாவளிக்கு அவர்கள் செய்யும் ‘சோப்டா பூஜன்’, அதாவது புதுக் கணக்குப் புத்தகத்துக்குச் செய்யும் பூஜை, அந்த வீடுகளில் எவ்வளவு பெரிய காரியம் என்று கண்ணால் கண்டிருக்கிறேன். பணம் என்பது அங்கே நகையும் மாளிகையும் அல்ல, நடமாட்டம். இன்றைக்கு யாருக்குக் கடன் கொடுத்தோம், எவன் ஹுண்டி திரும்பியது, எந்தச் சரக்கு மழையில் நனைந்தது என்ற பேச்சு சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். விரானி வீட்டிலோ ‘பிசினஸ்’ என்ற சொல் உண்டு, வியாபாரம் கிடையாது. கையெழுத்துப் போட ஒரு காகிதம் வரும், யாரோ ஒருவர் ஏமாந்து போடுவார், சொத்து கைமாறும். அவ்வளவுதான். வாடிக்கைக்காரன் ஒருவனைக்கூடக் காட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதை வியாபாரிகளின் வீட்டுப் பெண்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலேயே கச்சி ஜைனக் குடும்பங்கள் பல. சூரியன் மறையுமுன் சாப்பாட்டை முடித்து அடுப்பை அணைத்துவிடும் வீடுகள். (நம் தமிழ்ச் சமணர் வீடுகளிலும் இரவுண்ணாமை உண்டு என்பதால் எங்களுக்குள் இந்த ஒற்றுமையில் ஒரு தனி உறவு.) அந்தப் பெண்களிடம் நான் இதைக் கேட்டேன். ஒரு மூதாட்டி சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. “பாயி, எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜைத் தட்டு எடுத்துக் கொடுத்ததுதான் நான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.” அப்போதுதான் விளங்கிற்று. அந்தத் தொடர், செல்வக் குடும்பத்தை அந்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து காட்டியது. அங்கிருந்து பார்த்தால் வியாபாரம் தெரியாது, சாவிக்கொத்து மட்டும்தான் தெரியும். அந்த வகையில் பொய் குறைவான தொடர் என்றே சொல்வேன்.

இனிச் சிலம்புக்கு வருவோம். பார்த்தவர்களின் எதிர்வினையிலிருந்தே தொடங்கும் காப்பியம் அது. ஒரு முலை இழந்த பெண் ஒருத்தி வேங்கை மரத்தடியில் நின்று விண்ணேறியதைக் கண்ட குன்றக்குறவர்கள் வந்து சொல்கிறார்கள். கண்டதைச் சொன்னார்களே தவிர அவள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சாத்தனார்தான் கதையை விளக்குகிறார். பிறகு வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன், கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, சினந்து நீதி கேட்ட கண்ணகி, இவ்விருவரில் வியக்கத்தக்கவர் யார் என்று தன் தேவியிடம் கேட்கிறான். அவள் இருவரையும் மதித்து, நம் நாட்டுக்கு வந்த பத்தினியை வழிபட வேண்டும் என்கிறாள். இமயத்திலிருந்து கல் வருகிறது, கோயில் எழுகிறது. கதை கேட்டவள் சொன்ன தீர்ப்பால் எழுந்த கோயில் அது. ஆகவே கேட்பவர்களின் விருப்பத்துக்குக் காது கொடுப்பது இழிவான காரியம் என்று நம் மரபு நினைக்கவில்லை.

ஆனால் இளங்கோவடிகள் எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பாருங்கள். மதுரையில் வெட்டுண்டு கிடக்கும் கோவலனைக் கண்டு கண்ணகி புலம்புகிறாள். ஊர்சூழ்வரியில் ஒரு கணம் அவன் எழுகிறான். அவளுடைய முகம் வாடியதே என்கிறான். கையால் கண்ணீரைத் துடைக்கிறான். அவள் காலைப் பற்ற, நீ இங்கே இரு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவ்வளவே. கேட்பவர்களின் நெஞ்சம் கோவலன் பிழைக்க வேண்டும் என்று துடிக்கும் என்பது அடிகளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் அந்த ஒரு கணத்தைக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு கணம் கொடுத்திருந்தால் வழக்குரை காதை இல்லை, சிலம்பு உடைய வேண்டிய அவசியம் இல்லை. கணவனும் மனைவியும் இடைச்சேரிக்குத் திரும்பிப்போய் மோர் குடித்திருப்பார்கள்.

துளசிக்கு அந்த வழக்குரை காதை கிடைக்கவில்லை. கணவன் இல்லாத பெண் அந்தப் பெரிய வீட்டில் என்ன ஆவாள், யார் அவளைத் தாங்குவார்கள், யார் தள்ளுவார்கள் என்ற கேள்வி அப்போதுதான் வாய் திறந்தது. திறந்த வாயை மிஹிரைக் கொண்டு மூடிவிட்டார்கள்.

பார்த்தவர்கள் மிஹிர் மேல் வைத்த பாசத்தால் கேட்டார்கள் என்று சொல்வார்கள். அது முழு உண்மையாக இருக்க முடியாது. பின்னாளில் அமர் உபாத்யாய் விலகிக்கொண்டார். இந்தர் குமார் மிஹிராக வந்தார். அவருக்குப் பின் ரோனித் ராய் வந்து பல ஆண்டுகள் மிஹிராகவே இருந்தார். முகம் மாறியதற்காகத் தொடரை யாரும் கைவிடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். துளசி தன் சொந்த மகன் அன்ஷைத் தன் கையால் சுட்டுக் கொன்றாள். அந்தச் சாவு நிலைத்தது. நம்மவர்களில் சிலர் அவளை மனுநீதிச் சோழனோடு ஒப்பிட்டுப் பேசியதை நானே கேட்டேன். மகன் சாகலாம், கணவனின் முகம் மாறலாம், கணவன் என்ற இடம் மட்டும் காலியாகக் கூடாது. பார்வையாளர் கேட்டது மிஹிரை அல்ல, துளசியின் நெற்றிக் குங்குமத்தை. அதில் அவர்கள் அறியாமை ஒன்றும் இல்லை. குங்குமம் போனால் என்னென்ன போகும் என்று அவரவர் வீட்டிலே பார்த்தவர்கள்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டுக்கு வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அத்தை வந்திருந்தார். இருபத்தாறு வயதிலே கணவரை இழந்தவர். மைத்துனர்கள் பிரித்துக் கொடுத்த இரண்டு காணி நிலத்தை வைத்துக்கொண்டு, மணிலாக் கொட்டையை மண்டிக்குத் தாமே வண்டி கட்டிக்கொண்டு போய் விற்று இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர். மண்டிக்காரன் எடையில் கை வைத்தால் தராசை நிறுத்தச் சொல்லித் தாமே படிக்கல்லைத் தூக்கிப் பார்ப்பாராம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ராத்திரி எல்லாரோடும் உட்கார்ந்து பார்ப்பார். மிஹிர் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த அன்று கட்டடமே மகிழ்ந்தது. அத்தை மட்டும், “இன்னாடா இது! அந்தப் பொண்ணு இப்பதான் தலைய நிமிந்து நாலு வார்த்த பேச ஆரம்பிச்சா. அதுக்குள்ள அவன எதுக்குக் கொண்டாந்து உட்டாங்க?” என்றார். என் மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது. “அத்தே, சுமங்கலியா இருக்கட்டுமேன்னு நெனைக்கத் தோணலியா?” என்றாள். “இருக்கட்டும்மா, யார் வேணாம்னா” என்று சொல்லிவிட்டு அத்தை படுக்கப் போய்விட்டார். அந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதற்கு மேலானது இல்லை.

சட்டம் என்ன சொல்லியிருக்கும்? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவன் இறந்தால் அவனுடைய பங்கு தாய், மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். அப்படிப் பெண்ணுக்கு வந்த சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். சமண நீதிநூல்கள் இன்னும் ஒரு படி மேலே போனவை. சம்பத்ராய் ஜெயின் 1926-இல் வெளியிட்ட ‘ஜைனா லா’ நூலில், கணவன் சொத்தில் மகனுக்கும் முந்திய உரிமை மனைவிக்கே என்று அவற்றின் வழியில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆக, 2001-இல் துளசி கைம்பெண்ணாகவே இருந்திருந்தால் விரானி வியாபாரத்தில் ஒரு பங்குக்காரியாகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கலாம். தொடரும் அதை எண்ணவில்லை, பார்த்தவர்களும் எண்ணவில்லை. காட்டியிருந்தால் எத்தனை வீடுகளில் எத்தனை புத்தகங்கள் திறந்திருக்குமோ!

இதையெல்லாம் சொல்லிவிட்டு இளங்கோவடிகளைத் தூக்கிவைத்துப் பேசி முடித்துவிட்டால் அது நடுநிலை ஆகாது. கண்ணகி கைம்மை நோன்பு நோற்றுத் தேய மறுக்கிறாள், சரி. மறுத்தவளுக்குக் காப்பியம் கொடுத்த வழி மதுரையை எரிப்பதும் விண்ணேறுவதும்தான். பாண்டிமாதேவி அங்கேயே உயிர்விட்டாள். மாதவி துறவு பூண்டாள். நம் கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். கணவன் போனபின் அதே வீட்டில் இருந்து, விளக்கேற்றி, வரவு செலவு பார்த்து வாழ்ந்த பெண் ஒருத்தியை அடிகளும் நமக்குக் காட்டவில்லை. என் அத்தைக்குச் சிலம்பிலும் இடமில்லை, சாந்திநிகேதனிலும் இடமில்லை.

செல்வத்தின் முடிவு விஷயத்தில் மட்டும் அடிகள் தெளிவாக இருக்கிறார். கோவலன் இறந்த செய்தி கேட்டுத் தந்தை மாசாத்துவான் பொருளை எல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியர் இருந்த விகாரத்துக்குப் போகிறார். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகர்களிடம் போகிறார். சமணர் என்று நாம் உரிமை கொண்டாடும் புலவர், தம் கதையின் இரு பெரும் வணிகர்களையும் வேறு சமயத்தாரிடம் அனுப்பிவைத்த பெருந்தன்மை ஒருபுறம் இருக்கட்டும். புகாரின் பெருஞ்செல்வம் ஒரே காதையில் நாலு வரியில் கரைந்து போகிறதே, அதுதான் விஷயம். மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார் விரதமாகக் கொண்ட சமயத்தில் பிறந்த எனக்கு, எட்டு வருஷத்தில் ஒருநாளும் குறையாத விரானி செல்வம் அலுப்பாகவே இருந்தது.

புதிய தொடருக்கு வருகிறேன். அன்று எந்தெந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடியது என்று மட்டும் கருவி கணக்கெடுத்தது. அழுதார்களா, திட்டினார்களா, டிவியை ஓடவிட்டுத் தூங்கினார்களா என்று அதற்குத் தெரியாது. இன்று கைபேசியில் ஜியோஹாட்ஸ்டாரில் அவரவர் தனித்தனியே பார்க்கிறார்கள். அழுகைக் காட்சியைத் தள்ளிவிட்டுப் பேச்சுக்கு ஓடுகிறார்கள். கட்டடமே சேர்ந்து மகிழ்வதும் போயிற்று, அதற்கு நடுவே ஒரு கிழவி முணுமுணுப்பதும் போயிற்று.

ஆனால் கேள்விகள் மாறியிருக்கின்றன. ஒரு மாலை நம் மகளிர் சிலர் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தது. மூத்தவர்கள் துளசிக்கு வயதானதைப் பற்றியும், பழைய பாட்டு வந்ததும் உடம்பு சிலிர்த்ததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். தணிக்கையாளர் வேலை பார்க்கும் ஒரு பெண், முப்பது வயதுகூட இராது, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, குறுக்கே கேட்டாள்: “எல்லாம் சரி மாமி, அந்த சாந்திநிகேதன் வீடு யார் பேர்ல இருக்கு?” யாருக்கும் தெரியவில்லை. அடுத்த பகுதியில் கவனித்துச் சொல்வதாக என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.