பெட்டியில் 7200, படத்தில் 3200

அப்பா 1982-இல் ஓசூருக்கு டர்னர் வேலைக்கு வந்தவர். எங்கள் குடும்பத்தின் நெகட்டிவ்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. அவர் காலமான பிறகு, சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்று அம்மா கேட்டார். டப்பாவிலிருந்து ஒரு நெகட்டிவை எடுத்துப்போய் ஒரு லேபில் ஸ்கேன் செய்து வாங்கினேன். வந்த ஃபைலின் அளவு 1800-க்கு 1200 பிக்சல். 4-க்கு 6 பிரின்ட் நன்றாகவே இருந்தது. அதே ஃபைலை 12-க்கு 18 போட்டபோது அப்பாவின் முகம் மெழுகு பூசியதுபோல் வந்தது. 18 அங்குலத்துக்கு 1800 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு நூறுதானே கிடைக்கும்! நெகட்டிவில் இருந்த அப்பா அந்த ஃபைலுக்குள் வந்து சேரவே இல்லை.

அதன் பிறகு நானே ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். மூன்று மாதமாக இரண்டு கருவிகள் என் மேசையில் இருக்கின்றன. ஒன்று, 35 மி.மீ. ஃபிலிமுக்கு மட்டுமான பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ. மற்றொன்று, 35 மி.மீ., 120 ரோல், காகிதப் படம் எல்லாவற்றையும் எடுக்கும் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600. எந்த நெகட்டிவை எத்தனை டிபிஐயில், அதாவது நெகட்டிவின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சலாக, ஸ்கேன் செய்தால் நல்ல பிரின்ட் கிடைக்கும் என்பதே என் கேள்வி.

முதலில் டிராயிங்

சிப்காட்டில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். எங்கள் தொழிலில் பாகத்தைத் தொடும் முன் டிராயிங்கைப் பார்ப்போம். அந்தப் பாகம் எங்கே பொருந்தப்போகிறது என்பதை வைத்துத்தான் டாலரன்ஸ் முடிவாகும். தேவைக்கு மேல் இறுக்கினால் நேரமும் செலவும் ஏறும். வண்டி அதனால் நன்றாக ஓடிவிடாது. ஸ்கேனுக்கும் இதே வழிதான். சுவரில் மாட்டப்போகும் பிரின்ட்தான் டிராயிங்.

35 மி.மீ. நெகட்டிவின் அளவு 36-க்கு 24 மி.மீ. நீளப் பக்கம் சுமார் 1.42 அங்குலம். கையில் பிடித்துப் பார்க்கும் பிரின்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. பிரின்ட்டின் நீளத்தை 300-ஆல் பெருக்கி 1.42-ஆல் வகுத்தால் தேவையான டிபிஐ கிடைத்துவிடும்:

4-க்கு 6 பிரின்ட்: சுமார் 1270 டிபிஐ
8-க்கு 12 பிரின்ட்: சுமார் 2540 டிபிஐ
12-க்கு 18 பிரின்ட்: சுமார் 3810 டிபிஐ

சுவரில் மாட்டும் படத்தை இரண்டடி தள்ளி நின்றுதான் பார்ப்போம். தூரம் கூடக் கூடக் கண்ணின் தேவை குறையும். அங்கே 200 பிக்சல் தாராளம். அப்படிப் பார்த்தால் 12-க்கு 18 படத்துக்கும் 2540 டிபிஐ போதும். ஆனால் இந்த 2540 உண்மையான 2540-ஆக இருக்க வேண்டும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

திரையின் எண், கருவியின் துல்லியம்

டிஜிட்டல் வெர்னியரின் திரை 0.01 மி.மீ. வரை காட்டும். அதன் துல்லியம் பெரும்பாலும் 0.02 மி.மீ.தான். ஸ்கேனர் பெட்டியில் அச்சாகும் எண்ணையும் அப்படித்தான் படிக்க வேண்டும். வி600-இன் பெட்டியில் 6400 என்றும், 8200ஐ-இன் பெட்டியில் 7200 என்றும் இருக்கும். நுண்கோடுகள் கொண்ட சோதனை அட்டையை வைத்து அளந்தவர்கள் வெளியிட்ட முடிவுகள் வேறு. வி600 உண்மையில் பிரித்துக் காட்டுவது 1600 டிபிஐ அளவுக்கு. 8200ஐ 3200-ஐத் தொட்டுக் கொஞ்சம் தாண்டும். மீதிப் பிக்சல்கள் ஃபைலைப் பெருக்குமே தவிர, படத்தில் புதிதாக எதையும் சேர்க்காது.

மூன்று நெகட்டிவ்கள்

முதலாவது ஒரு கலர் நெகட்டிவ். வாடகை வீட்டு வாசலில் டிவிஎஸ் 50 மேல் கை வைத்து அப்பா நிற்கிறார். ஃபோகஸ் திருப்ப முடியாத பிளாஸ்டிக் லென்ஸ் கேமராவில் எடுத்தது. 8200ஐ-இல் 1800, 3600, 7200 என மூன்று முறை ஸ்கேன் செய்தேன். 3600-க்கு மேல் வந்ததெல்லாம் ஃபிலிமின் குருணைதான். அப்பாவின் சட்டையில் ஒரு நூல்கூட அதிகம் தெரியவில்லை. லென்ஸ் எவ்வளவு பதித்ததோ அவ்வளவுதான் நெகட்டிவில் இருக்கும். இதை 8-க்கு 12-க்கு மேல் பெரிதாக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த அளவில் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இரண்டாவது, நண்பரின் எஸ்எல்ஆர் கேமராவை இரவல் வாங்கி அப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கெலவரப்பள்ளி அணைக்கரையில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். கருவிகளின் வித்தியாசம் இதில் பளிச்சென்று தெரிந்தது. வி600 தந்த ஃபைலை 12-க்கு 18 போட்டால் அங்குலத்துக்கு 126 உண்மைப் பிக்சல்தான். சேலைக் கரையின் கட்டம் கரைந்து சாம்பல் பட்டையானது. 8200ஐ ஃபைலில் அதுவே 250 ஆனது. கட்டங்களை எண்ணலாம். 7200-இல் ஸ்கேன் செய்து, பிறகு பாதியாகச் சுருக்கி 3600 ஆக்கியபோது விளிம்புகள் இன்னும் சுத்தமாக இருந்தன.

மூன்றாவது நெகட்டிவ் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பல காலம் ஸ்டுடியோ நடத்திய பெரியவர் கொடுத்தது. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேரை, யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ரோலில் எடுத்திருக்கிறார். ரோல், ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிம். "ரோலை நானே கழுவினேன், தம்பி. பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். இந்த நெகட்டிவ் 56 மி.மீ. சதுரம், அதாவது 2.2 அங்குலம். 12-க்கு 12 பிரின்ட்டுக்கு 1640 டிபிஐ போதும். வி600-இன் உண்மைத் திறன் ஏறக்குறைய அதே அளவு. 2400-இல் வைத்து ஸ்கேன் செய்தேன். வடம் பிடிப்பவர்களின் முகம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பெரிய நெகட்டிவுக்குச் சின்ன எண் போதும். உங்கள் ஊர் ஸ்டுடியோவில் 120 நெகட்டிவ்கள் இருந்தால், விலையுயர்ந்த கருவி இல்லை என்று தயங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும் வசதி இரண்டு கருவியிலும் உண்டு. கலர் நெகட்டிவுக்கு அது பெரிய வரம். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளித் துகள் இருப்பதால் அந்த ஒளி ஊடுருவாது. கருவி படத்தையே கீறல் என்று நினைத்து அழித்துவிடும். கறுப்பு வெள்ளைக்கு இந்த வசதியை அணைத்துவிடுங்கள். காற்றுப் பந்தால் ஊதிய பிறகே நெகட்டிவை உள்ளே வையுங்கள்.

48 பிட் நிறத்தில் 3600 டிபிஐ என்றால் ஒரு 35 மி.மீ. படம் சுமார் 104 எம்பி. 7200 என்றால் 416 எம்பி. டப்பா முழுவதையும் 7200-இல் சேமித்தால் ஹார்டு டிஸ்க் தாங்காது. சுருக்கிய 3600-ஐ டிஃப் ஃபைலாக வைத்துக்கொண்டு, பிரின்ட்டுக்குத் தனியாக ஜேபெக் எடுக்கிறேன். லேபில் கொடுக்கும்போது ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

8200ஐ-இல் ஒவ்வொரு படத்தையும் கையால் தள்ள வேண்டும். ஆறு படம் கொண்ட ஒரு துண்டுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. வி600-இல் பன்னிரண்டு படத்தை ஒரே தடவையில் வைக்கலாம்; ஆனால் சுருண்ட ஃபிலிம் தட்டில் படியாமல் ஓரம் மங்கும். கனமான புத்தகத்தடியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் நேராகும்.

தீர்ப்பு

35 மி.மீ. நெகட்டிவ், சுவரில் மாட்டும் அளவு பிரின்ட் என்றால் 8200ஐ. 120 நெகட்டிவும் பழைய ஆல்பமும் நிறைய இருந்தால், 35 மி.மீ. படங்களை 8-க்கு 12-க்குள் நிறுத்திக்கொள்ள முடியுமென்றால் வி600. லேபில் கொடுப்பதாக இருந்தால் டிபிஐ எவ்வளவு என்று கேட்காதீர்கள். நீளப் பக்கத்தில் எத்தனை பிக்சல் வரும் என்று கேளுங்கள். 35 மி.மீ.க்கு 4500-க்குக் குறையாமல் வாங்குங்கள். ஃபைல் வந்ததும் நெகட்டிவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

தேர்ப் படத்தைப் பிரின்ட் போட்டுப் பழையபேட்டைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை முகத்துக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். வடத்தின் இடது பக்கம் மூன்றாவதாக நிற்பவரின் மேல் விரல் வைத்து, "என் தம்பி" என்றார். நகத்தைவிடச் சின்ன முகம் அது.